தேவையான அளவு

தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே போனபோது, அப்பா கூடத்தில் டிவிக்கு முன்னால் ஒரு சின்ன மேஜையை இழுத்துப் போட்டு, கத்தியும் பலகையுமாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயில் சிரிப்பு இருந்தது. இரண்டையும் ஒன்றாக அந்த முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. சொல்லப்போனால் தனித்தனியாகப் பார்த்ததே அபூர்வம். "அப்பா" என்றாள். அவர் திரும்பாமல் கத்தியை மட்டும் உயர்த்தி, "உஷ்… இரும்மா. இப்பத்தான் வெங்காயம் வருது" என்றார். டிவியில் பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள், வெட்டுப் பலகைக்கு மேல் லேசாகக் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கண்ணுல தண்ணி வருதா? வரட்டும். துடைக்க வேண்டாம். யாராவது கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கலாம். நிதானமா… நிதானமா…"

அந்த 'நிதானமா'வினால்தான் பார்க்கிறவர்கள் அவளுக்கு நிதானம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தினமும் மாலையில் டிவியில் வருவாள். வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதுவாள். சமையல் குறிப்பு என்று பேர்; ஆனால் பாதிக்கு மேல் மழை, ஜன்னல், தனியாகச் சாப்பிடுவது எப்படி, மிச்சம் வைப்பதில் தப்பில்லை என்று வேறெங்கோ போய்விட்டு, கடைசியில்தான் கேரட்டுக்கு வந்து சேரும். அப்பா அந்தப் பக்கங்களைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். இந்த மனிதர் உத்தியோகத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வாழ்நாளெல்லாம் இருட்டுப் பொந்துக்குள் தொங்கிக்கொண்டு கம்பிக் கயிற்றுக்கு மசகு போட்டவர். காப்பி கலக்கத் தெரியாதவர். அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் வெங்காயத்தை மெல்லிசாக, ஒரே கனத்தில் சீவிக்கொண்டிருக்கிறார்.

மகளுக்கு இது சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? பொண்டாட்டி போன பிறகு சாப்பிடாமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் கிழவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தன் அப்பாவும் அப்படி ஆகிவிடுவார் என்று பயந்துதான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் ஆகவில்லை. கன்னம் கொஞ்சம் பூரித்துக்கூட இருந்தது. அதுதான் அவளுக்கு இடித்தது.

அவளுடைய உத்தியோகமும் அப்படி. எடை அளவு இலாகாவில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைத் தூக்கிப் பார்ப்பது, படிக்கல்லின் அடியில் குடைந்து ஈயத்தை எடுத்திருக்கிறார்களா என்று தட்டிப் பார்ப்பது, பெட்ரோல் பங்கில் குழாயைத் தன்னுடைய அளவு கேனில் பிடித்துப் பார்ப்பது. கடைத்தெருவில் அவளுக்குத் தராசம்மா என்று பெயர். அவள் தெருமுனையில் திரும்பும்போதே நாலாவது கடை வரைக்கும் சேதி போய்விடும். இத்தனை வருஷத்தில் அவள் கண்டுகொண்டது ஒன்றுதான். எரிந்து விழுகிற கடைக்காரன் தராசு பெரும்பாலும் சரியாக இருக்கும். "வாங்கம்மா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல மோர் குடிங்க" என்று உருகுகிறவன் தட்டுக்கு அடியில்தான் காந்தம் இருக்கும். குழைகிற குரலைக் கேட்டாலே அவளுக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும்.

அப்பா நறுக்கி முடித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். டிவியின் சத்தம் அங்கேயும் கேட்கும்படி வைத்திருந்தார். நிதானம்மா எண்ணெய் ஊற்றினாள், அப்பா ஊற்றினார். நிதானம்மா வெங்காயத்தைப் போட்டுவிட்டு, "இப்ப நமக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா நிக்கலாம்" என்றாள், அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஆனந்தமாக நின்றார். மகள் வாசற்படியில் சாய்ந்து அவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உப்பு, தேவையான அளவு" என்றாள் நிதானம்மா.

"எவ்வளவு?" என்று தராசம்மாவுக்கு வாய்விட்டே வந்துவிட்டது.

"தேவையான அளவும்மா" என்றார் அப்பா.

"அதான் எவ்வளவு? யாருக்குத் தேவையான அளவு? இது ஒரு அளவாப்பா? நான் ஒரு கடைக்காரனைப் பிடிச்சா, அவன் தேவையான அளவு போட்டேன்னு சொன்னா விட்டுருவேனா?"

அப்பா சிரித்தார். அதிலும் ஒரு புது நிதானம் இருந்தது. "கையில எடுத்தா தெரியும்" என்றார். இதுவும் அந்த அம்மாள் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு அம்மாவின் ஞாபகமாகவே இருந்தது. அம்மா சமைத்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மூடியோடு சண்டை, அடுப்போடு சண்டை, சரியாக வேகாத பருப்போடு ஜென்மப் பகை. "எல்லாம் என் தலையிலதான் வந்து விழணும்" என்று பாத்திரத்தைத் தேய்ப்பாள், பாத்திரம் அலறும். அப்பா கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவும் குரலை வைத்துத்தான் சம்பாதித்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணைப் பிரிவில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் அங்கே போய், அம்மா காதில் மாட்டிக்கொண்டு பேசுவதைக் கேட்டு மகள் திகைத்துப் போயிருக்கிறாள். அப்படி ஒரு குரல். தேன் என்றால் திகட்டும், இது திகட்டாது. "சொல்லுங்க சார், என்ன நம்பர் வேணும்… அவசரப்படாதீங்க, நான் இருக்கேன்." முகம் தெரியாத யார் யாருக்கோ நாளெல்லாம் அந்தக் குரலைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவாள். அந்த மிச்சத்தில்தான் அப்பாவும் அவளும் வாழ்ந்தார்கள்.

ஆகவே மிருதுவான குரல் என்பது ஓர் உத்தியோகம் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். இந்த நிதானம்மாவும் விளக்கை அணைத்ததும் வீட்டுக்குப் போய் யாரையோ வறுத்து எடுக்கத்தான் போகிறாள். யார் அந்தப் பாவப்பட்ட மனுஷன்? அவன் வீட்டில் எந்தப் பாத்திரம் அலறுகிறது? அதெல்லாம் போகட்டும். அப்பாவுக்கு அந்தக் குரல் இவ்வளவு இதமாக இருக்கிறது என்றால், முப்பத்துச் சொச்சம் வருஷம் அம்மாவின் குரல் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? சுமையைத் தலையிலிருந்து இறக்கியவன் முகம் எப்படி இருக்கும் என்று மூட்டை மண்டியில் அவள் தினமும் பார்க்கிறாள். அப்பாவின் முகம் அப்படித்தான் இருந்தது. அம்மாவுக்குப் பரிந்து பேச இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து அவளும் தினமும் நிதானம்மாவைப் பார்க்க ஆரம்பித்தாள், குற்றவாளியைப் பார்க்கிறதுபோல. அடுப்பில் ஏறிய வாணலியும் இறங்கிய வாணலியும் ஒன்றுதானா? பட்டாணி இவ்வளவு சீக்கிரம் எப்படி வெந்தது? ஏன் இவளுக்கு எதுவும் அடிபிடிப்பதில்லை? தும்மலாவது வருகிறதா பார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு. கேக்கும்போதே தூக்கம் வருது" என்றார். அவர் பல் கட்டுகிறவர். ஒரு பல் டாக்டருக்குப் பின்னறையில் உட்கார்ந்து செட் செட்டாகச் செய்து கொடுப்பார்.

"அந்தச் சிரிப்பைப் பாருங்க. அது நிஜமா?"

"பொய்ப் பல்லு செய்யறவன்கிட்ட வந்து, சிரிப்பு நிஜமான்னு கேக்கற பாரு" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு அந்தம்மா மேல கோவமா, உங்கப்பா மேல கோவமா?" என்றார். அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் போனபோது அப்பாவின் அடுப்படியில் ஒரு புது கப் இருந்தது. கைப்பிடி வைத்த எஃகு அளவு கப். உள்பக்கம் கோடுகள், அடியில் நிதானம்மாவின் கையெழுத்து, பெட்டியில் அவள் சிரித்த முகம். கடைக்கு வந்திருக்கிறதாம், அப்பா ஓடிப் போய் வாங்கியிருக்கிறார். தராசம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. வா மகளே வா என்றிருந்தது. டிவியில் கையளவு, கண்ணளவு, தேவையான அளவு. கடையில் கோடு போட்ட கப்பா? இலாகா முத்திரை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. முத்திரையையே போலியாகக் குத்துகிறவர்களை அவளுக்குத் தெரியும். அப்பா மாடிப்படியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வெளியே போனார். அவள் கப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. கடைகளில் எடுக்கிற மாதிரியே எடுத்தாள். கடையாக இருந்திருந்தால் கையோடு ரசீதாவது கொடுத்திருப்பாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசில் மற்றவர்கள் வருமுன் சோதனை அறைக்குப் போய், கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் பிடித்து, கப்பில் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் கோட்டில் போய் நின்றது. கப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். மேஜை சாய்ந்திருக்கிறதோ என்று வேறு மேஜையில் வைத்தாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீரின் மட்டத்தைப் பார்த்தாள். பாதிக் கோடு, கால் கோடு எல்லாவற்றையும் பார்த்தாள். இம்மி பிசகில்லை. இவ்வளவு ஒழுங்கான கப்பை அவள் அந்த வருஷத்தில் பார்க்கவே இல்லை. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு சரியான அளவைப் பார்த்து அழ வந்த ஆய்வாளர் அந்த இலாகாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

கப்பை மேஜை இழுப்பறையில் வைத்தாள். சனிக்கிழமை போகும்போது சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடலாம் என்று இருந்தாள். அன்று மாலையே அப்பா போன் செய்தார். எப்போதும்போலச் சாப்பிட்டாயா, மாப்பிள்ளை வந்தாச்சா என்று கேட்டுவிட்டு, "அந்தக் கப்பு ஒண்ணு வாங்கினேனே, பார்த்தியாம்மா நீ?" என்றார்.

அவள் வாய் என்னவோ தானாகவே, "இல்லையேப்பா" என்றது.

"சரி சரி. எங்கயாவது வெச்சிருப்பேன்."

அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டபோது கப்பைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் குரலில் ஏதோ இறங்கியிருந்தது. என்ன சமைச்சீங்க என்று கேட்டாள். "ரொட்டி இருந்துச்சு" என்றார். பிறகு, கேட்காமலேயே, "மாடி வீட்டு டிராயிங் வாத்தியாரை அழைச்சுக்கிட்டுப் போயிட்டாங்கம்மா, அவங்க பொண்ணு வந்து. கீழ வரைக்கும் நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். என்னைப் பார்த்து, நீங்க லிஃப்ட் ஆபரேட்டரான்னு கேட்டாரு" என்றார். வாத்தியார் முதலில் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தார். அப்புறம் தெருவைத் தொலைத்தார். கடைசியில் பொண்டாட்டி பேரையும் தொலைத்தார். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. போனை வைத்த பிறகு அவளுக்கு உட்கார முடியவில்லை. மறுநாள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வழியெல்லாம் ஒரு திருட்டு யோசனைதான். கப்பை எங்காவது டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "இதோ இருக்கேப்பா" என்று தானே கண்டெடுத்துவிடுவது. வருஷக்கணக்காக அடுத்தவர்களின் ஏமாற்று வேலையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் கைவந்திருந்தது.

வீடு அமைதியாக இருந்தது. டிவி போடவில்லை. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார், அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லுமுன் தானே, "வியாழன், வியாழன்" என்றார், யாரோ பரீட்சை வைத்ததுபோல. அவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அலமாரியெங்கும் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. உப்பு. பருப்பு. கத்தி இங்கே. சாவி ஆணியில். காஸை மூடு. அப்பாவின் கையெழுத்து எப்போதும் பெரிது பெரிதாக இருக்கும். இதில் இன்னும் பெரிதாக எழுதியிருந்தார். அடுப்பு துடைத்த மாதிரி காய்ந்து கிடந்தது.

அவள் கப்பைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். "அப்பா, இங்க பாருங்க, இதுதானே?" என்றாள். தன் குரல் தனக்கே மிருதுவாக, இனிப்பாகக் கேட்டது. அவளுக்கே கூசியது.

அப்பா வந்து பார்த்தார். கப்பைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மறுபடி கப்பைப் பார்த்தார். அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தவள், அது வெளுப்பதைப் பார்த்தாள். "அங்க பார்த்தேனேம்மா" என்றார் மெதுவாக. "அந்த டப்பாவை எடுத்து, துடைச்சு, திரும்ப வெச்சேன். அப்ப அது அங்கயேதான் இருந்திருக்கு. நான்தான்…" அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்குமேல் தாங்குகிற மனசு அவளுக்கு இல்லை. "அங்க இல்லப்பா. நான்தான் எடுத்துட்டுப் போனேன். இப்பத்தான் வெச்சேன்."

"எது?"

"கப்பை. போன வாரம். உங்களுக்குத் தெரியாம."

அவர் அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முதலில் வந்தது சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. அது தொண்டையிலேயே கோபமாக மாறியது. "ஏம்மா, உனக்கு ஏதாவது இருக்கா?" என்று கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதில்லை. "ஒரு வாரமா மூளை கழண்டுக்கிட்டு வருதுன்னு நான் தினம் உக்காந்து என் பேரை எழுதிப் பார்க்கறேன். உங்கம்மா பேரை எழுதிப் பார்க்கறேன். நீ என்னடான்னா கப்பை எடுத்துக்கிட்டுப் போய்… எதுக்கு எடுத்த?"

"அளவு சரியா இருக்கான்னு பார்க்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க?"

அவ்வளவுதான், அவளுக்கு உடைந்துவிட்டது. "அம்மா இருந்தப்ப ஒரு நாளாவது இந்த ரூமுக்குள்ள வந்திருக்கீங்களா? ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கீங்களா? அவ கத்திக் கத்தி ஆக்கிப் போட்டா. பேப்பரை விலக்கிக்கூட நீங்க பார்க்கல. இப்ப எவளோ ஒருத்தி நிதானமா நிதானமான்னா ஓடி ஓடி நறுக்கறீங்க. அம்மா உங்களுக்கு அவ்வளவு பாரமாவா இருந்தா?" கேட்கும்போதே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ள முடியவில்லை.

அப்பா எழுந்து, அலமாரியில் ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தார். கத்தி இங்கே என்பதைக் கிழித்துவிட்டு, கத்தியை எடுத்தார். கூடையிலிருந்து இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு கேரட்டும் எடுத்துக் கழுவி நறுக்க ஆரம்பித்தார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். டிவி இல்லாமல், யாரும் சொல்லாமல் அவர் சமைப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். கொஞ்சம் தடுமாறினார். பருப்பை முதலில் போடுவதா காயை முதலில் போடுவதா என்று கையை நிறுத்தி யோசித்தார். பிறகு இரண்டையும் சேர்த்தே போட்டார். பேச ஆரம்பித்தபோது பானையிடம்தான் பேசினார்.

"உங்கம்மா நல்லாச் சமைப்பா. அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா நான் சாப்பிட உக்காந்தா எதிர்ல வந்து நின்னுக்குவா. கரண்டியும் கையுமா. உப்பு சரியா இருக்கான்னு கேப்பா. நான் 'ம்'பேன். 'ம்'னா என்ன அர்த்தம்னு கேப்பா. நல்லாருக்கா, இல்ல சும்மா சொல்றீங்களா, அதிகமா, கம்மியா, நேத்து நல்லாருந்துச்சா… நான் ஒரு வாய் முழுங்கறதுக்குள்ள அவ என் மூஞ்சியில நாலு பதில் படிச்சிருவா. நாலும் தப்பா இருக்கும். அதுக்கப்புறம் பாத்திரம் உருள ஆரம்பிச்சுரும். எனக்கு ஒவ்வொரு வேளையும் பரீட்சைம்மா. பேப்பரை எதுக்கு மூஞ்சிக்கு நேராப் பிடிச்சேன்னு நினைக்கிற?"

பானை கொதிக்க ஆரம்பித்தது. அவர் தீயைக் குறைத்தார்.

"இந்தம்மாவைப் பாரு. அவளே போடறா, அவளே ருசி பார்க்கறா, அவளே கண்ணை மூடிக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லிடறா. எனக்கு அதுல வேலையே இல்ல. நான் சாப்பிட்டேனா, எழுந்து போயிட்டேனா, செத்துட்டேனான்னுகூட அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்துத்தான் பேசறா, ஆனா என்னைப் பார்க்கல. அது எவ்வளவு நிம்மதின்னு உனக்குச் சொன்னாப் புரியாது."

"அப்ப அம்மா போனது உங்களுக்கு நிம்மதி."

இதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. அப்பா கரண்டியைப் பானைக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள் நிம்மதியாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது" என்றார்.

அவள் எதிர்பார்த்த பதில்தான். எத்தனையோ நாளாகத் துருவித் துருவித் தேடிய பதில்தான். கையில் கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பாவம் அம்மா என்று நினைத்தாள். உடனேயே பாவம் அப்பா என்றும் தோன்றியது. இரண்டு பாவமும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளாமல் அப்படியே நின்றன. அவளுக்கு இப்போது வீட்டுக்குப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"உக்காரு. சாப்பிட்டுட்டுப் போ" என்றார் அப்பா. அடுப்படியிலேயே இருந்த சின்ன மேஜையைக் காட்டினார். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவள், அவர் ஏற்கெனவே கிண்ணத்தை எடுத்துவிட்டதைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார், போட்டார், யோசித்தார், இன்னும் ஒன்று எடுத்துப் பாதியைத் திரும்ப டப்பாவிலேயே உதிர்த்தார். தானே ருசி பார்க்கக் கரண்டியை வாய்வரை கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, பார்க்காமலேயே அவளுடைய கிண்ணத்தில் ஊற்றினார். பருப்பும் கிழங்கும் குழைந்து, மேலே ஆவி பறந்தது. கேரட் மட்டும் வேகாமல் மூலைக்கு மூலை முறைத்துக்கொண்டிருந்தது.

அவர் தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. உட்காரவும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அவள் ஊதிவிட்டு ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டாள். ஊதியது போதவில்லை, நாக்கு பொத்துக்கொண்டது. வாயைத் திறக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொதிப்பை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றினாள். உப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"உப்பு சரியா இருக்கா?" என்றார் அப்பா.

"ம்" என்றாள்.

"'ம்'னா?"

அவள் நிமிர்ந்தாள். அப்பா கொஞ்சம் முன்னால் குனிந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவளுடைய கண்ணையும் உதட்டையும் தாடையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கரண்டியை மறந்திருந்தார். அது சாய்ந்து, அதிலிருந்து ஒழுகியது மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுட்டிருக்கும். அவர் கையை அசைக்கவில்லை.